புனித சவேரியார்: முத்துக்குளித்துறையில் மணி அடித்து நடந்தவர், சாமுராய் பிரபு முன் பட்டு உடுத்தி நின்றது ஏன்?

பினாங்கு துறைமுகத்தில் ஃபெர்ரியை விட்டு இறங்கி, கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கமாக நடந்தால் சிறிது நேரத்தில் ஃபார்குவார் சாலை வந்துவிடும். அங்கே செயின்ட் சேவியர்ஸ் பள்ளியைப் பார்த்திருப்பீர்கள். 1852-ல் லசால் சபை சகோதரர்கள் நடத்தத் தொடங்கிய பள்ளி அது. அங்கே படித்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

பினாங்கு சாலைப் பக்கம் போனால் அதே பெயரில் ஒரு தேவாலயமும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக உருவான ஆலயம்.

இந்தப் பெயருக்கு உரியவரைத் தமிழர்கள் சவேரியார் என்று அழைக்கிறார்கள். ஸ்பெயினில் பிறந்தவர், கோவாவில் அவரது உடல் வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு விஷயம் பலருக்கும் தெரியும்.

ஆனால், அவர் வாழ்க்கையின் கடைசி பத்து ஆண்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சமூகங்களுக்கு நடுவில் கழிந்தன. ஒன்று, தூத்துக்குடி, மணப்பாடு கடற்கரையின் தமிழ் மீனவர் சமூகம். இன்னொன்று, சாமுராய் போர்வீரர்கள் ஆண்ட ஜப்பான்.

தமிழ்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், ஜப்பானில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கியும் ஆயிரம் பேரைக்கூட எட்டவில்லை. ஏன் அப்படி? அதற்கான பதிலில் அவருடைய கதை மட்டும் இல்லை. சாமுராய் சமூகம் எப்படி இயங்கியது என்பதும் அதில் இருக்கிறது.

இடிக்கப்பட்ட கோட்டையில் வளர்ந்த பையன்

சவேரியார் 1506 ஏப்ரல் 7-ஆம் தேதி, நவார் என்ற சின்ன ராஜ்ஜியத்தில் பிறந்தார். இன்று அது வட ஸ்பெயினில் இருக்கிறது. ஹவியேர் என்ற கோட்டைதான் அவர் பிறந்த வீடு. அந்தக் கோட்டையின் பெயர்தான் பின்னால் சேவியர் ஆகி, தமிழில் சவேரியார் ஆனது.

அவருடைய அப்பா நவார் அரசரிடம் உயர்ந்த பதவியில் இருந்தவர். 1512-ல் பக்கத்து நாடான காஸ்டில், நவாரைப் பிடித்தது. மூன்று ஆண்டுகளில் அப்பா இறந்துபோனார். பழைய அரசருக்காக அண்ணன்கள் ஆயுதம் எடுத்தார்கள், தோற்றார்கள். தண்டனையாக 1516-ல் அவர்கள் வீட்டுக் கோட்டையின் கோபுரங்களும் மதில்களும் இடிக்கப்பட்டன. அப்போது சவேரியாருக்கு வயது பத்து.

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தலைவனுக்கு விசுவாசம், அதற்காகச் சண்டை, தோற்றால் நிலமும் வீடும் போவது. இதெல்லாம் அவர் புத்தகத்தில் படித்தது இல்லை, சின்ன வயதில் கண்ணால் பார்த்தது. பிற்காலத்தில் ஜப்பானில் அவர் பார்த்ததும் ஏறக்குறைய இதே வகையான உலகம்தான்.

1525-ல் படிப்பதற்காக பாரிஸ் போனார். அங்கே இக்னேஷியஸ் லயோலா என்ற முன்னாள் போர்வீரர் அவருக்கு அறைத் தோழர் ஆனார். 1521-ல் பாம்ப்லோனா நகரில் நடந்த சண்டையில் சவேரியாரின் அண்ணன்கள் ஒரு பக்கம், லயோலா எதிர்ப்பக்கம். அந்தச் சண்டையில்தான் லயோலாவின் கால் நொறுங்கியது.

அந்த இருவரும் நண்பர்கள் ஆனார்கள். 1534-ல் ஏழு பேர் சேர்ந்து எடுத்த உறுதிமொழிதான் இயேசு சபையின் தொடக்கம். போர்ச்சுகல் அரசர் இந்தியாவுக்குப் பாதிரியார்கள் வேண்டும் என்று கேட்டார். போக வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, கடைசி நேரத்தில் சவேரியார் அனுப்பப்பட்டார்.

'வேணும்' என்பதும் 'விசுவாசம்' என்பதும்

1541 ஏப்ரல் 7-ல், தன் 35-ஆவது பிறந்தநாளில், அவர் லிஸ்பனில் கப்பல் ஏறினார். 1542 மே மாதம் கோவா வந்து சேர்ந்தார். அதே ஆண்டு முடிவதற்குள் முத்துக்குளித்துறைக்குப் போய்விட்டார். கன்னியாகுமரியில் இருந்து தூத்துக்குடி வரை நீளும் கரை அது.

அங்கே இருந்த பரதவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள் ஆகியிருந்தார்கள். முத்துக் குளிக்கும் உரிமைக்காக முஸ்லிம் வணிகர்களோடு மோதல் வந்தபோது, அவர்கள் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். அதையொட்டி 1536-37 காலகட்டத்தில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால், அந்த மதம் என்ன சொல்கிறது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

சவேரியார் கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார். மணிச் சத்தம் கேட்டுக் குழந்தைகள் கூடுவார்கள். தமிழ் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து சொல்லிக்கொடுத்தார். அவர் சாப்பிட்டதும் மீனவர்களின் சாப்பாடுதான், படுத்ததும் அவர்களின் குடிசையில்தான்.

மொழிபெயர்ப்பில் ஒரு தப்பு நடந்தது. நான் நம்புகிறேன் என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துத்தான் அவருக்கு வித்தியாசம் புரிந்தது. 1544-ல் தன் உதவியாளருக்குக் கடிதம் எழுதி, 'வேணும்' என்பதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்று போடச் சொன்னார். அதுவரை எத்தனை பேர் கடவுளை நம்புவதற்குப் பதில் கடவுள் வேணும் என்று சொல்லியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

அதே ஆண்டு வடுகர் படை கடற்கரை ஊர்களைத் தாக்கியது. மக்கள் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலில் உள்ள பாறைகளுக்குத் தப்பி ஓடி, சோறும் தண்ணியும் இல்லாமல் தவித்தார்கள். சவேரியார் படகுகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அந்த மக்களைக் கொள்ளையடித்த போர்ச்சுகீசிய அதிகாரிகளைப் பற்றியும் கோபமாகக் கடிதங்கள் எழுதினார்.

1544-ன் கடைசியில் திருவிதாங்கூர் கரையில் முக்குவர்கள் மத்தியில் ஒரே மாதத்தில் 10,000-க்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். கை வலிக்கும் அளவுக்கு என்று சொல்வார்களே, அது அவர் விஷயத்தில் நிஜம்.

பேசப்படாத பக்கம்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிறுவர்களை விட்டு வீடுகளில் இருந்த சிலைகளை உடைக்கச் செய்ததை அவரே மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். உள்ளூர் மக்கள் பல தலைமுறைகளாக வணங்கிய தெய்வங்கள் அவருக்குப் பேய்களாகவே தெரிந்தன.

1546-ல் மலுக்குத் தீவுகள் பக்கத்தில் இருந்தபோது, கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வேண்டும் என்று போர்ச்சுகல் அரசருக்குக் கடிதம் எழுதினார். அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1560-ல் அந்த மன்றம் கோவாவில் வந்தது. மதம் மாறியவர்களையும் இந்துக்களையும் யூத வம்சாவளியினரையும் அது எப்படி வாட்டியது என்பது தனி வரலாறு.

முக்கியமான ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முத்துக்குளித்துறையில் அவர் ஏழையாக நடந்தார், சரி. ஆனால், அவருக்குப் பின்னால் போர்ச்சுகீசியக் கப்பல்களும் பீரங்கிகளும் இருந்தன. அந்தப் பாதுகாப்புதான் மக்களுக்கு முதலில் தேவைப்பட்டது. அதனால், நீ சொல்வது சரியா என்று யாரும் உட்கார்ந்து கேட்க வேண்டிய நிலைமை பெரும்பாலும் வரவில்லை.

மலாக்காவில் வந்து நின்ற ஜப்பானியர்

1545-ல் சவேரியார் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிவிட்டு, அங்கிருந்து கப்பல் ஏறி மலாக்கா வந்தார். பினாங்கு இருக்கிறதே, அதே மலாக்கா நீரிணைதான் அவருடைய கடல் பாதை. ஆனால், ஜார்ஜ் டவுன் அப்போது கிடையாது. பினாங்கில் பிரிட்டிஷ் கொடி ஏறிய 1786-க்கு 234 ஆண்டுகளுக்கு முன்பே சவேரியார் இறந்துவிட்டார்.

1547 டிசம்பரில் மலாக்கா குன்றின் மேல் இருந்த மாதா கோயிலில் ஒருவர் அவரைத் தேடி வந்தார். இன்று நீங்கள் மலாக்கா போனால் செயின்ட் பால் குன்றில் பார்க்கும் இடிந்த ஆலயம்தான் அது. வந்தவர் பெயர் அஞ்சிரோ, ககோஷிமாவைச் சேர்ந்தவர்.

சொந்த ஊரில் ஒரு கொலை செய்துவிட்டு, போர்ச்சுகீசியக் கப்பலில் தப்பி வந்தவர் அஞ்சிரோ. செய்த பாவம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அவரை சாமுராய் குலத்தவர் என்று பல வரலாறுகள் சொல்கின்றன.

உங்கள் நாட்டுக்கு வந்தால் மக்கள் கிறிஸ்தவர்கள் ஆவார்களா என்று சவேரியார் கேட்டார். உடனே ஆக மாட்டார்கள் என்றார் அஞ்சிரோ. முதலில் நிறைய கேள்வி கேட்பார்கள், பதில் சரியா என்று பார்ப்பார்கள், அதற்கும் மேலாக நீங்கள் சொல்வதும் வாழ்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனிப்பார்கள் என்று அவர் விளக்கினார். அது அப்படியே நடந்தது.

சரி, சாமுராய் என்றால் யார்?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போனால்தான் மீதிக் கதை புரியும்.

சாமுராய் என்ற சொல்லுக்கு அடிப்படை, பணிந்து சேவை செய்வது என்ற பொருள் கொண்ட ஒரு ஜப்பானிய வினைச்சொல். அதாவது, பெயரிலேயே வீரம் இல்லை, ஊழியம்தான் இருக்கிறது. பெரிய இடத்தில் வேலை பார்த்த ஆயுதக்காரர்கள் என்பதுதான் தொடக்கம்.

கியோட்டோவில் பேரரசரும் பிரபுக்களும் கவிதை, சடங்கு என்று வாழ்ந்த காலத்தில், தூரத்து மாகாணங்களில் நிலத்தைக் காப்பாற்ற ஆயுதம் தாங்கிய குடும்பங்கள் வளர்ந்தன. அவற்றில் தாய்ரா, மினமோட்டோ என்ற இரண்டு குலங்கள் பெரியவை. 1185-ல் டான்-நோ-உரா கடற்போரில் மினமோட்டோ குலம் வென்றது. 1192-ல் மினமோட்டோ யோரிடோமோ ஷோகன் என்ற பட்டம் பெற்றார். ஷோகன் என்றால் படைத்தலைவர்.

பேரரசர் பெயருக்கு கியோட்டோவில் இருந்தார். உண்மையான அதிகாரம் கமகுரா என்ற ஊரில் இருந்த ஷோகனிடம் போனது. ஜப்பானில் போர்வீரர் ஆட்சி இப்படித்தான் தொடங்கியது.

இதன் அச்சாணி ஒரு கொடுக்கல் வாங்கல். தலைவர் நிலத்தின் மீது உரிமை கொடுப்பார், வீரன் கூப்பிட்ட நேரத்தில் குதிரையோடும் ஆயுதத்தோடும் வருவான். ஒருவர் செய்த உபகாரத்துக்கு மற்றவர் செய்யும் கைம்மாறு அது. உழுகிறவர்களின் நெல்தான் இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் சோறு போட்டது.

இந்த ஏற்பாடு எப்போதும் ஒழுங்காக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மங்கோலியர்கள் 1274-லும் 1281-லும் படையெடுத்தபோது சாமுராய்கள் எதிர்த்து நின்றார்கள். ஆனால், வெளியில் இருந்து வந்த எதிரியைத் தோற்கடித்தால் பங்கு போட்டுக் கொடுக்கப் புதிய நிலம் ஏது? பரிசு கிடைக்காத வீரர்களின் மனக்கசப்பு கமகுரா ஆட்சி கவிழ்ந்ததற்கு ஒரு காரணம்.

1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போர் கியோட்டோவைச் சாம்பலாக்கியது. அதற்குப் பிறகு நாடு டைம்யோ என்று அழைக்கப்பட்ட பிரபுக்களின் கைகளில் துண்டு துண்டாகச் சிதறியது. அடிமட்டத்தில் இருந்தவன் மேலே இருந்தவனைக் கவிழ்ப்பது சகஜமானது. ஊழியம் செய்ய வேண்டியவனே எஜமானரைக் கொன்று நாற்காலியில் உட்கார்ந்தான். சவேரியார் போய் இறங்கியது இந்த உலகத்தில்தான்.

ககோஷிமாவில் அவர் பார்த்தது

1549 ஜூன் மாதம் மலாக்காவில் இருந்து ஒரு சீனர் ஓட்டிய மரக்கலத்தில் அவர் கிளம்பினார். கூடவே இரண்டு ஸ்பானிய இயேசு சபையினர், அஞ்சிரோ, இன்னும் இரண்டு ஜப்பானியர்கள் இருந்தார்கள். மலபாரைச் சேர்ந்த அமடோர் என்ற இந்தியப் பணியாளரும் போனார். ஆகஸ்ட் 15-ல் ககோஷிமா கரையில் இறங்கினார்கள்.

அங்கே சவேரியார் கண்ட முதல் அதிசயம், பணத்தைவிட மானத்தைப் பெரிதாக நினைக்கும் மக்கள். ஏழையாக இருப்பது ஒரு சாமுராய்க்கு வெட்கம் இல்லை. கையில் காசு இல்லாத சாமுராய்கூட, எவ்வளவு சொத்து கொடுத்தாலும் கீழ்நிலை என்று கருதிய குடும்பத்தில் சம்பந்தம் செய்ய மாட்டார் என்று அவர் எழுதினார்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களே இடுப்பில் வாள் வைத்திருப்பதையும், ஒரு சின்ன அவமரியாதையைக்கூடப் பொறுக்காததையும் கவனித்தார். வீரர்கள் தங்கள் பிரபுவுக்குக் காட்டும் மரியாதை அவரை அசத்தியது. இடிந்த கோட்டையில் வளர்ந்த பிரபு வீட்டுப் பையனுக்கு இது புரியாத விஷயமாக இருந்திருக்காது.

சட்சுமா பகுதியின் டைம்யோ ஷிமாசு டகாஹிசா அவரை வரவேற்று, போதிக்க அனுமதி கொடுத்தார். டகாஹிசாவின் தாயார், அஞ்சிரோ கொண்டுவந்த மாதா படத்தைப் பார்த்து அதே மாதிரி ஒன்று தனக்கும் வேண்டும் என்று கேட்டாராம். ஜென் மடத்தின் தலைவரான நின்ஷிட்சு என்ற முதியவர் சவேரியாருக்கு நண்பர் ஆனார்.

ஆனால், டைம்யோவின் கணக்கு வேறு. போர்ச்சுகீசியர்கள் 1543-ல் தனேகஷிமா தீவுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தார்கள். பாதிரியார் இருந்தால் வணிகக் கப்பலும் வரும் என்று டகாஹிசா எதிர்பார்த்தார். கப்பல் அவருடைய துறைமுகத்துக்கு வராமல் ஹிராடோவுக்குப் போனது. அவருக்கு ஆர்வம் குறைந்தது. புத்த துறவிகளின் எதிர்ப்பும் சேர, மதம் மாறத் தடை வந்தது. ஒரு வருஷத்தில் சுமார் நூறு பேர், அவ்வளவுதான்.

பேரரசரைப் பார்க்கப் போனவர் திரும்பி வந்தார்

சவேரியாருக்கு அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. நாட்டின் அரசரைப் பார்த்து அனுமதி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஐரோப்பாவில் அப்படித்தான்.

1550 டிசம்பரில் யமகுச்சியில் இருந்து கடும் குளிரில், பனியில் நடந்து, 1551 ஜனவரியில் கியோட்டோ போய்ச் சேர்ந்தார். கந்தல் அங்கி, கையில் ஒன்றும் இல்லை. பதினோரு நாள் இருந்தார். பேரரசர் கோ-நாராவைப் பார்க்க அவரை யாரும் உள்ளே விடவில்லை. ஷோகன் ஊரிலேயே இல்லை. ஹியேய் மலையில் இருந்த பெரிய புத்த மடமும் கதவைத் திறக்கவில்லை.

அங்கே அவருக்கு இரண்டு விஷயங்கள் புரிந்தன. ஒன்று, பேரரசரிடம் அதிகாரமே இல்லை, டைம்யோக்கள்தான் எல்லாம். இரண்டு, இந்தச் சமூகத்தில் ஒருவர் யார் என்பதை அவர் போட்டிருக்கும் துணியும் கொண்டுவரும் காணிக்கையும்தான் முதலில் சொல்கின்றன.

தூத்துக்குடியில் அவருடைய ஏழ்மை மக்களோடு அவரைச் சேர்த்தது. கியோட்டோவில் அதே ஏழ்மை அவரை வாசலிலேயே நிறுத்தியது.

சாமுராய்க்கு ஏழ்மை வெட்கம் இல்லை என்றோமே, அப்புறம் ஏன் இப்படி? காரணம் இருக்கிறது. ஏழை சாமுராய்க்கு ஒரு குலம் உண்டு, அவர் யாருடைய ஆள் என்று ஊருக்குத் தெரியும். கந்தல் உடுத்தி வந்த அந்நியர் யாருடைய ஆள்? அதைச் சொல்ல அவரிடம் எந்த அடையாளமும் இல்லை.

பட்டு அங்கியும் மணி அடிக்கும் கடிகாரமும்

1551 வசந்த காலத்தில் அவர் யமகுச்சிக்குத் திரும்பினார். அந்த ஊரின் டைம்யோ ஓஉச்சி யோஷிடகா. முந்தைய முறை வந்தபோது, பிரபுவின் வாழ்க்கை முறையையே கண்டிக்கும் வரிகளைப் படித்துக் காட்டி, வெளியே போகச் சொல்லப்பட்டவர்தான் சவேரியார்.

இந்த முறை நல்ல பட்டு உடையில், உதவியாளர்கள் சூழ, இந்திய ஆளுநரின் தூதராக வந்தார். மணி அடிக்கும் கடிகாரம், துப்பாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடி, மூக்குக் கண்ணாடி, இசைக்கருவி ஆகியவற்றை முன்னால் வைத்தார். ஆளுநரின் கடிதத்தையும் ஆயரின் கடிதத்தையும் நீட்டினார்.

இந்தப் பயணத்துக்கான செலவு எங்கிருந்து வந்தது தெரியுமா? மலாக்காவின் கேப்டன் பெட்ரோ ட சில்வா மிளகு மூட்டைகளைக் கொடுத்து அனுப்பியிருந்தார், விற்றுச் செலவு செய்வதற்காக. அவர் வாஸ்கோ ட காமாவின் மகன்.

யோஷிடகா மகிழ்ந்துபோய்ப் பதிலுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுக்க முன்வந்தார். சவேரியார் அதை வாங்கவில்லை. போதிக்க அனுமதி மட்டும் கேட்டார். அனுமதியோடு, காலியாக இருந்த ஒரு புத்த மடமும் தங்குவதற்குக் கிடைத்தது.

ஓயாத கேள்விகள்

அதன் பிறகு காலையில் இருந்து இரவு வரை வீடு நிறைய ஆட்கள். சாமுராய்கள், துறவிகள், வணிகர்கள் எல்லாரும் வந்து கேள்வி கேட்டார்கள். கடவுள் நல்லவர் என்றால் பேயை ஏன் படைத்தார்? இத்தனை காலமாக எங்களுக்கு ஏன் இதைச் சொல்லவில்லை?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி முன்னோர்களைப் பற்றியது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தவர்களுக்கு நரகம்தான், மீட்சி கிடையாது என்று சவேரியார் சொன்னபோது, கிறிஸ்தவர்கள் ஆனவர்களே அழுதார்கள். அப்பாவையும் பாட்டனையும் விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது என்று கலங்கினார்கள். குலமும் முன்னோர் கடனும்தான் உயிர் என்று வாழ்ந்த சமூகத்தில் அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? அந்தக் கண்ணீர் தன்னையும் வருத்தியதாக அவர் எழுதியிருக்கிறார். ஆனால், போதனையை மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கேயும் மொழி காலை வாரியது. கடவுள் என்பதற்கு அஞ்சிரோ கொடுத்த சொல் டைனிச்சி. அது ஷிங்கோன் புத்த மதப் பிரிவு வணங்கும் மகா வைரோசன புத்தரின் பெயர். புத்த மதத்தில் இதுவும் ஒரு பிரிவு என்று நினைத்துத் துறவிகள் முதலில் அன்பாகத்தான் வரவேற்றார்கள். விஷயம் தெரிந்ததும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, தேயுஸ் என்ற லத்தீன் சொல்லையே சவேரியார் பயன்படுத்தினார். முத்துக்குளித்துறையின் 'வேணும்' உங்களுக்கு ஞாபகம் வருகிறதா?

யமகுச்சியில் சில மாதங்களில் சுமார் 500 பேர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவர் பார்வை மங்கிய நாடோடி வீணைக் கலைஞர். லொரென்சோ என்ற பெயர் பெற்ற அவர், பின்னாளில் இயேசு சபையிலேயே சேர்ந்து, ஜப்பானின் மிகச் சிறந்த போதகர்களில் ஒருவர் ஆனார்.

பத்தாயிரம் எங்கே, ஐந்நூறு எங்கே? ஆனால், இந்த ஐந்நூறு பேரும் கேள்வி கேட்டு, பதில் கேட்டு, யோசித்து வந்தவர்கள். அவருக்குப் பின்னால் பீரங்கி இல்லாத நாட்டில், சொல்லால் மட்டுமே அவர் நிற்க வேண்டியிருந்தது.

கவிழ்ந்த பிரபு, முடிந்த பயணம்

1551 செப்டம்பரில் பக்கத்து பிரதேசமான புங்கோவின் இளம் டைம்யோ ஓடோமோ யோஷிஷிகே அவரை அழைத்தார். சவேரியார் அங்கே இருந்தபோது யமகுச்சியில் இருந்து செய்தி வந்தது. யோஷிடகாவின் சொந்தத் தளபதி கலகம் செய்துவிட்டார். தப்பி ஓடிய யோஷிடகா, வேறு வழியில்லாமல் தற்கொலை செய்துகொண்டார். அனுமதியும் மடமும் கொடுத்த கை ஒரே மாதத்தில் இல்லாமல் போனது.

சாமுராய் என்றால் சாகும்வரை விசுவாசம் என்று சினிமாவில் பார்த்திருப்போம். அந்த நூற்றாண்டின் நிஜம் இப்படியும் இருந்தது.

நவம்பரில் சவேரியார் ஜப்பானை விட்டுக் கிளம்பினார். ஜப்பானியர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு கேள்வி அவர் மனதில் இருந்தது. இது உண்மை என்றால் சீனர்களுக்கு ஏன் தெரியவில்லை? அதனால் அடுத்து சீனா போவது என்று முடிவு செய்தார்.

1552-ல் மலாக்காவின் புதிய கேப்டன் அல்வாரோ ட அடாய்டே அந்தத் தூதுப் பயணத்தைத் தடுத்தார். இவரும் வாஸ்கோ ட காமாவின் மகன்தான். ஒரு சகோதரர் ஜப்பானுக்கு வழியனுப்பினார், இன்னொருவர் சீனாவுக்குப் போகும் வழியை மறித்தார்.

எப்படியோ சீனக் கரைக்குப் பக்கத்தில் உள்ள ஷாங்சுவான் தீவு வரை சவேரியார் போனார். கூட்டிச் செல்வதாகச் சொன்ன சீன வணிகர் வரவில்லை. காய்ச்சலில் விழுந்து, 1552 டிசம்பர் 3-ஆம் தேதி ஒரு குடிசையில் இறந்தார். வயது 46. அருகில் இருந்தவர்கள் அந்தோனியோ என்ற சீன இளைஞரும் ஒரு இந்தியப் பணியாளரும்.

உடல் முதலில் மலாக்காவுக்கும், 1554-ல் கோவாவுக்கும் கொண்டுவரப்பட்டது. 1622-ல் புனிதர் பட்டம் கிடைத்தது.

அதற்குப் பிறகு என்ன ஆனது?

அவரை அழைத்த புங்கோ டைம்யோ, 27 ஆண்டுகள் யோசித்துவிட்டு, 1578-ல் ஞானஸ்நானம் பெற்றார். இளம் வயதில் சந்தித்த துறவியின் நினைவாக பிரான்சிஸ்கோ என்ற பெயரை எடுத்துக்கொண்டார்.

ஆனால், போர்களை முடித்து நாட்டை ஒன்றாக்கிய தலைவர்கள் இந்த மதத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். எஜமானருக்கு மேலே இன்னொரு எஜமானர் இருக்கிறார் என்று சொல்லும் மதம், விசுவாசத்தின் மேல் நின்ற ஆட்சிக்கு ஆபத்தாகத் தெரிந்தது. 1597-ல் நாகசாகியில் 26 கிறிஸ்தவர்கள் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614-ல் நாடு முழுவதும் தடை வந்தது. 1637-38-ல் ஷிமாபாராவில் விவசாயிகளின் கிளர்ச்சி ரத்தத்தில் முடிந்தது. மறைந்து வாழ்ந்தவர்களுக்கு 1873-ல்தான் விடிவு வந்தது.

முத்துக்குளித்துறையில் கதை வேறு. அங்கே அந்த நம்பிக்கை வெளிப்படையாகவே வேர் பிடித்தது. மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் இன்றும் சவேரியார் என்ற பெயரில் ஆட்களைப் பார்க்கலாம்.

மீண்டும் ஃபார்குவார் சாலைக்கு

பினாங்குக்காரர்களுக்கு சாமுராய் என்ற சொல் வேறு ஒன்றையும் நினைவுபடுத்தும். 1941 டிசம்பர் 11-ல் ஜார்ஜ் டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. டிசம்பர் 19-ல் ஜப்பானியப் படை தீவைப் பிடித்தது. அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய வாளைத் தாத்தா, பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சீனர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டதும், மலாயாவின் தோட்டங்களில் இருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

ஆனால், பொது இடத்தில் வாள் அணியும் சாமுராய்களின் உரிமையை ஜப்பான் அரசு 1876-லேயே எடுத்துவிட்டது. புஷிடோ என்று உலகம் அறிந்த வீரநெறி பெருமளவுக்குப் பிற்காலத்தில் தொகுத்து மெருகேற்றப்பட்டது. நவீன ராணுவம் அதை எடுத்து, கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும் பாடமாகச் சிப்பாய்களுக்குப் புகட்டியது. சவேரியாரை யமகுச்சியில் கேள்வியால் துளைத்த சாமுராய்களுக்கும் அந்தப் பாடத்துக்கும் வெகு தூரம்.

போர்க்காலத்தில் சவேரியார் பெயர் தாங்கிய பள்ளியையும் ஜப்பானியப் படை எடுத்துக்கொண்டது. 1945-ல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் கட்டடம் இடிந்தது. போர் முடிந்ததும் அதே இடத்தில் மறுபடியும் கட்டினார்கள்.

சவேரியாரைப் புனிதர் என்று கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோவா மத விசாரணையை நினைத்து அவரை மன்னிக்காதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. தமிழ்க் கரையில் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவர், ஜப்பானில் உட்கார்ந்து பதில் சொல்லக் கற்றுக்கொண்டார். அடுத்த முறை அந்தப் பள்ளி வாசலைக் கடக்கும்போது, இந்த இரண்டு கரைகளையும் சேர்த்தே அவரை நினைத்துப் பாருங்கள்.